புளிக்காத போசி

பேசக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, கையைக் காலை ஆட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். துளசிமணிக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் அவளிடம் கேட்கிற துணிச்சல் கட்டிய புருஷன் மயில்சாமிக்கே இதுவரை வந்ததில்லை. வடவள்ளியில் மாவுக்கடை வைத்திருக்கிறவள் அவள். மாவு வாங்க வருகிறவள் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டாள், இவளும் பதில் சொல்லாமல் அனுப்பமாட்டாள். இப்போது சாய்வு நாற்காலியில் கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டை மாதிரிக் கிடந்தாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மருந்து ஈயப் பெட்டிக்குள் வந்தது. நஸ்ரின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் அதைச் செலுத்திவிட்டு எட்டி நின்றுகொண்டாள். வெறும் சர்க்கரைத் தண்ணிதானுங்கம்மா, கூடக் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், சர்க்கரை எங்க போய்ச் சேருதோ அந்த இடம் படத்துல பளிச்சுனு தெரியும் என்றாள். கையை ஆட்டினால் கைச்சதை தின்றுவிடும், பேசினால் தொண்டை தின்றுவிடும், சும்மா கிடந்தால்தான் அது மட்டும் தின்னும், அதற்குத்தான் இந்த ஒரு மணி நேரம். அது என்று சொல்லும்போது பக்கத்தில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். சன்னல் இல்லாத அறை. மூலையில் ஒரு மங்கல் விளக்கு. பாதி இழுத்த திரைக்கு அந்தப்பக்கம் இன்னொரு சாய்வு நாற்காலி, அதன்மேல் ஏதோ குவியலாகக் கிடந்தது. கம்பளியாக இருக்கும். இந்த வெளிச்சத்தில் துளசிமணிக்கு அதற்குமேல் தெரியாது, தெரியாது என்பதை யாரிடமும் சொல்வதாகவும் இல்லை.

நேற்றுப் பொழுதோடு சாப்பிட்டது. வயிறு காந்துகிறது, ஆனால் அது சாப்பிடுகிறது. நல்ல நியாயம்தான், வீட்டுக்காரி பட்டினி கிடக்க வாடகைக்கு வந்தவள் விருந்து சாப்பிடுகிறாள். கழுத்தில் இடப்பக்கம், அக்குளில், அடிவயிற்றில் என்று மூன்று இடத்தில் கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள், ரெண்டு தடவை மருந்தேற்றிக் கரைத்தும் திரும்ப வந்தது. இப்போது அங்கே வரிசையில் நின்று தின்றுகொண்டிருக்குமா, சத்தம் வருமா? காதைக் கொடுத்துக் கேட்டாள். ஏசியின் இரைச்சல்தான் கேட்டது, அதற்கு அடியில் ஒரு மெல்லிய கொதிப்பு, மாவு பொங்கும்போது டப்பாவில் காதை வைத்தால் வருமே, பொட்டுப் பொட்டென்று, அந்தச் சத்தம். இல்லை, அது அவள் ரத்தம் ஓடுகிற சத்தமாக இருக்கும். அவளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் பூரணிதான் இதற்குள் மாவை இழுத்துவிட்டது. கட்டியில் இருக்கிற செல்லெல்லாம் பேராசைக்காரனுங்க, சர்க்கரையை அள்ளி அள்ளி முழுங்கும், ஒழுங்கா எரிக்காது, பாதியிலயே புளிப்பா மாத்தி வெளியே தள்ளிப்போடும், அதுக்கு லாக்டேட்டுனு பேரு, உங்க மாவைப் புளிக்க வைக்கிறதும் அந்தப் புளிப்புதானுங்க என்றார். துளசிமணிக்கு அன்றைக்குச் சுருக்கென்றது. சோறு போட்ட புளிப்பு. அவள் பேரில் ஊருக்குள் மரியாதை வாங்கிக் கொடுத்த புளிப்பு. டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. ஒரு செல் கழித்துத் தள்ளுகிற புளிப்பைப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு செல் வாங்கித் தின்று வளரும், ரெண்டுக்கும் நடுவில் போக்குவரத்துக்கு ஒரு கதவு உண்டு, புதிதாக வந்திருக்கிற இந்த மாத்திரை அந்தக் கதவைப் பூட்டும். சர்க்கரை தின்ற செல் புளிப்பை வெளியே தள்ள வழியில்லாமல் உள்ளேயே புளித்துச் சாகும், வாங்கித் தின்றது பட்டினியில் சாகும். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஒத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் தருகிறோம், சம்மதமா என்றார். கதவைப் பூட்டுவது என்றால் துளசிமணிக்குப் புரியும். சம்மதம் என்றாள். அப்புறம்தான் டாக்டர் கண்ணைப் பற்றிச் சொன்னார். அதே மாதிரிக் கதவு கண்ணுக்குப் பின்னாலும் இருக்கிறது, பார்வைப் படலம் அந்தப் புளிப்பைக் கொடுத்து வாங்கித்தான் பிழைக்கிறது, மங்கலில் பார்வை குறைகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அவள் தலையை ஆட்டினாள். தலையாட்டுவதில் என்ன சிரமம்?

தலையை ஆட்டக்கூடாது. இப்போது ஆட்டிவிட்டோமோ? கழுத்துச் சதை தின்றிருக்குமோ? காலையில் போசி வேர்த்திருந்தது. ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது? போசி என்றால் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம், மூடி போட்டது, கனிஷ்கா பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் பருப்புச்சோறு கொண்டுபோனது. கனிஷ்கா அவளுடைய ஒரே பெண், இப்போது ஏழாவது படிக்கிறாள், அந்தப் போசியைப் பார்த்தால் வெட்கப்படுவாள். மாத்திரை ஆரம்பித்த அன்றைக்குத் துளசிமணி ஒரு வேலை செய்தாள். கிரைண்டரிலிருந்து வழித்த மாவில் ஒரு கை அள்ளி, உப்புப் போட்டு, தன் வலது கையால் மட்டும் கலக்கிக் கலக்கி அந்தப் போசியில் ஊற்றி மூடி, சமையலறை மேடையின் ஓரமாக வைத்தாள். அவள் கைக்கு அப்படி ஒரு ராசி. துளசி கை பட்ட மாவு கோடையிலும் குளிரிலும் ஒரே மாதிரிப் பொங்கும், அதற்காகவே நவாவூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அந்தக் கையில் இருக்கிற புளிப்பும் உள்ளே இருக்கிற புளிப்பும் ஒன்றுதானே, மாத்திரை உள்ளே கதவைப் பூட்டினால் கையிலும் பூட்டிக்கொள்ளும், போசி புளிக்காமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் மாவு விற்றதில்லை. தினமும் பொழுது சாயப் புதிதாகக் கலக்கி வைத்தாள், முதல் வாரம் பூரா தினமும் பொங்கியது. மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்து கிடந்தது, ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தவள் பொழுதுக்கும் எழுந்திருக்கவில்லை, கஞ்சி குடிக்கவில்லை, மயில்சாமி கடையையும் பார்த்துக்கொண்டு அவளையும் எட்டி எட்டிப் பார்த்தான். ஏன் அழுகிறாய் என்று கேட்டான், சொல்லவில்லை. மறுநாளிலிருந்து போசி பொங்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாளும் பொங்கவில்லை. ஊற்றின அளவிலேயே வெள்ளையாக, வாசமில்லாமல், செத்த மாவாகக் கிடக்கிறது. முதலில் சந்தோஷமாக இருந்தது, நாள் போகப்போகத் தொடுவதற்குப் பயமாக இருந்தது. எந்த உயிரும் எழும்பாத கை இது, கனிஷ்காவுக்குத் தலை பின்னும்போது அவள் முடியிலிருந்து எதையாவது எடுத்துவிடுமோ என்றுகூட ஒரு நினைப்பு. கடை மாவை இப்போதெல்லாம் மயில்சாமிதான் கலக்குகிறான். போசியை மட்டும் அவள் விடவில்லை. ஒரு நாள் முன்னாடியே கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று இவர்கள் சொல்லி அனுப்பியிருந்தும் நேற்றுப் பொழுது சாய வழக்கத்தைவிட அழுத்திக் கலக்கினாள், இன்றைக்குப் படம் எடுக்கிற நாளாயிற்றே, நல்ல சகுனம் வேண்டாமா. காலையில் திறந்து மோந்து பார்த்தாள், புளிக்கவில்லை, மனசு நிறைந்தது, வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. போசி வேர்த்திருந்தது.

சொல்லிட்டியா துளசி, என்று திரைக்கு அந்தப்பக்கம் கேட்டது. துளசிமணி திரும்பவில்லை, திரும்பக்கூடாது என்று விதி இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. அது ரெஜினா டீச்சர் குரல். போத்தனூர் ரெஜினா டீச்சர், இதே மாத்திரையை இவளுக்கு முன்னாடியே ஆரம்பித்தவர், மாதாமாதம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிற இடத்தில் பழக்கமானவர், சின்னப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் நர்சுகளைக்கூட உட்காரு, கையைக் கட்டு என்பார். போன ஐப்பசி மழையில் இறந்துபோனார். அதனால் அந்த நாற்காலியில் இருப்பது கம்பளிதான், துளசிமணிக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, கண்தான் பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு குவியலிலும் ஒரு ஆளை உட்காரவைக்கிறது. ஆனால் குவியலின் மேல்பக்கம் ஏதோ மினுங்குகிறது. மூக்குக்கண்ணாடி மாதிரி. டீச்சரைப் பெட்டிக்குள் வைத்தபோது மகன் கண்ணாடியைப் போட்டுவிட்டிருந்தான், கண்ணாடி இல்லாமல் அம்மாவைப் பார்த்ததே இல்லை என்றான், மூடின கண்ணுக்குமேல் கண்ணாடி. மாதா கோயில் மண்டபத்து விளக்கு அதில் விழுந்து ஆடியது. துளசிமணிக்கு அன்றைக்கே பார்க்கச் சகிக்கவில்லை. டீச்சர் நல்லவர், ஒழுங்கானவர், பொய் பேசத் தெரியாதவர். பள்ளிக்கூட நடையில் படி தெரியாமல் கால் இடறிய அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதோடு மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்திப்போட்டாங்கம்மா, இனி காலையில ஒரு வேலை மிச்சம் என்று சிரித்தார். அப்புறம் மழை வந்தது. இதுதான் துளசிமணிக்குத் தெரிந்த கணக்கு, சொன்னார், நிறுத்தினார்கள், செத்தார். டீச்சருக்கு மாத்திரை கேட்கவே இல்லை, கண்ணில் கோளாறு வருவதற்கு முன்னாடியே கட்டி வளர ஆரம்பித்துவிட்டது, உங்களுக்கு அப்படி இல்லை, உங்களுக்குக் கண்ணில் வந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் பூரணி உட்காரவைத்துத்தான் சொன்னார். அதெல்லாம் காதில் விழுந்தது. மனசில் விழுந்தது கண்ணாடி மட்டும்தான்.

இல்லீங் டீச்சர், சொல்லலை, என்றாள் மனசுக்குள். மனசுக்குள் பேசுவதற்குத் தடையில்லை. எழுத்துப் பலகையைப் பட்டப்பகல் வெளிச்சத்தில்தானே படிக்கச் சொல்கிறார்கள், கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். இருட்டறையில் கண்ணுக்குக் கம்பி வைத்து எடுக்கிற சோதனைக்கு மட்டும் ஒரு தடவை காய்ச்சல் என்றேன், ஒரு தடவை கடையில் ஆளில்லை என்றேன். பொழுதிறங்கினால் எப்படி இருக்கிறது தெரியுமா டீச்சர்? எல்லாரும் சொல்கிற மாதிரிக் கறுப்பாக வருவதில்லை. மாவு மாதிரி வெள்ளையாக வருகிறது. ஓரத்திலிருந்து நிறைந்து நிறைந்து வருகிறது, நடுவில் ஒரு கிண்ண அளவுக்குத்தான் ரோடு இருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கனிஷ்காவை டியூசனிலிருந்து கூட்டிவருகிறேன். ஏன் போகிறேன் என்கிறீர்களா? திடீரென்று போகமாட்டேன் என்றால் மயில்சாமி ஏன் என்பான். தை மாசத்தில் ஒருநாள், பாரதியார் பல்கலைக்கழக ரோட்டில், முன்னால் வெறிச்சென்று காலியாக இருந்தது, முறுக்கினேன், பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை அம்மா லாரி லாரி என்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காலியாகத் தெரிந்தது மண்லாரியின் பின்பலகை. விளக்கில்லாமல் நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறான். நாங்கள் நின்றபோது முன்சக்கரம் அதற்கு அடியில் இருந்தது. பிள்ளையின் கை நான் கழுத்தில் கட்டியை வைத்திருக்கிற இடத்தில் பதிந்திருந்தது, அது அந்தக் கையை உள்ளிருந்து முட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து கனிஷ்கா பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டுகிறாள். இடது தோளைத் தட்டினால் இடப்பக்கம் ஆள், வலது தோளைத் தட்டினால் வலப்பக்கம், ரெண்டையும் அமுக்கினால் நில். விளையாட்டு மாதிரித்தான் ஆரம்பித்தாள், இப்போது அவள் சிரிப்பதில்லை. அவங்கப்பாவிடம் சொல்லாதே என்று நான் கேட்கவே இல்லை டீச்சர், அவளாகவே சொல்லவில்லை. அவள் வயதில் நான் குச்சிமிட்டாய் திருடியதைக்கூட மறைக்கத் தெரியாமல் முழித்தவள்.

அம்மா, ஆடாம இருங்க, என்றது சுவரில் இருந்த ஒலிபெருக்கி. துளசிமணிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஆடவில்லையே, எது ஆடியது? கை கம்பளிக்குள் கிடக்கிறது, கால் கிடக்கிறது, கண்ணை மட்டும்தான் உருட்டினேன், கண்ணும் ஒரு சதைதானோ, அதுவும் தின்னுமோ? கண் தின்றால் நல்லதுதானே, பாவம், நானே அதைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறேன். நமைச்சல் எடுத்தது. மூக்கு நுனியில் ஆரம்பித்து, காது மடலுக்குப் போய், உள்ளங்கையில் வந்து நின்றது. வலது உள்ளங்கை. அங்கே ஈரமாக இருந்தது காலையில். போசியைக் கையில் எடுத்தபோது அடிப்பக்கம் சில்லென்று வழுக்கியது, உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டியது, புடவையில் துடைத்துக்கொண்டுதான் மூடியைத் திறந்தாள். மேடை ஈரமாக இருந்ததா? இல்லை, மேடை காய்ந்திருந்தது. போசிக்கு அடியில் மட்டும் ஒரு வட்டம். பங்குனி மாசம். விடியும்போதே புழுக்கம். பங்குனிப் புழுக்கத்தில் மனுஷனுக்கு வேர்க்கும், பாத்திரத்துக்கு ஏன் வேர்க்கிறது? கையிலிருந்து குளிர் இறங்கியிருக்குமோ, செத்தவர்கள் கை சில்லென்று இருக்குமே, டீச்சர் கையைத் தொட்டபோது அப்படித்தான் இருந்தது, எனக்கு அது கையிலிருந்து ஆரம்பித்துவிட்டதோ, போசி என்னைத் தொட்டுக் குளிர்ந்துபோயிற்றோ? கம்பளிக்குள் விரலை உள்ளங்கையில் மெதுவாக வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. திரைக்கு அந்தப்பக்கம் கம்பளி மடிப்பு ஒன்று சரிந்த சத்தம் கேட்டது. வேர்த்திருந்ததுனா எங்கிருந்து எடுத்தாங்க துளசி, யோசி, நீ நல்லாப் படிக்கிற பிள்ளைதானே, என்றார் டீச்சர்.

யோசிக்க மாட்டேன் என்று துளசிமணி பல்லைக் கடித்தாள். வேறு எதையாவது நினைக்கலாம். கடைக்குப் போட வேண்டிய உளுந்து. கனிஷ்காவின் சீருடைக்குக் கீழ்மடிப்புப் பிரிப்பது. மயில்சாமி. மயில்சாமி இப்போதெல்லாம் அவளுக்கு முன்னாடி எழுந்துவிடுகிறான், கல்யாணமான நாளாக ஏழு மணிக்கு முன்னால் எழுந்தறியாத மனுஷன், கோழி கூவுவதற்குள் எழுந்து பல்லைத் துலக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறான். அவள் போசியைத் திறக்கும்போது முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, பொங்கலையாட்ட இருக்குது, என்பான், யாரோ வீட்டுச் சமாச்சாரத்தைக் கேட்கிற மாதிரி. அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லவில்லையே. வழிந்த மாவைப் பார்த்துவிட்டு அவள் படுத்துக் கிடந்த அன்றைக்கு மேடையைத் துடைத்தது யார்? அவன்தான் துடைத்தான். மறுநாளிலிருந்து பொங்கவில்லை. கடைக் குளிர்ப்பெட்டி சமையலறைக்கு அடுத்த அறையில்தான் இருக்கிறது. அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்கிய பிறகு போசியை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அவள் எழுவதற்குள் எடுத்து மேடையில் வைத்து, துணியால் துடைத்துவிட்டு நிற்கிறான். இன்றைக்குக் கார் சீக்கிரம் வருகிற அவசரத்தில் துடைக்க மறந்திருக்கிறான். அவ்வளவுதான். செத்த கையும் இல்லை, பூட்டின கதவும் இல்லை. துளசிமணிக்கு முதலில் வந்தது கோபம், எழுந்து அவன் முதுகில் ரெண்டு வைக்க வேண்டும்போல இருந்தது. அப்புறம் அந்தப் பெரிய உடம்புக்காரன் இருட்டில் சின்னப் போசியைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போவது கண்ணுக்குத் தெரிந்தது, அழுகை முட்டியது, அழுதால் எந்தச் சதை தின்னுமோ என்று அடக்கினாள். அதற்கப்புறம்தான் பயம் வந்தது. இத்தனை நாளாக அவள் நம்பிக்கொண்டிருந்தது ஒரு குளிர்ப்பெட்டியை. போசி வெளியில் இருந்திருந்தால் பொங்கியிருக்கும். கை உயிரோடுதான் இருக்கிறது, அப்படியென்றால் அதுவும் உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு வீட்டில் மூன்று பேர். புருஷன் ஒன்றை மூடி வைத்திருக்கிறான், பெண்டாட்டி ஒன்றை மூடி வைத்திருக்கிறாள், ஏழாவது படிக்கிற பிள்ளை ரெண்டு கையாலும் தோளை அமுக்கிக்கொண்டு ஒன்றை மூடி வைத்திருக்கிறாள். ஒருத்தர்மேல் ஒருத்தருக்குப் பாசம் இல்லாமலா? பாசத்தில்தான் மூன்று பேரும் பொய் சொல்கிறார்கள். லாரி மறுபடியும் ஒருநாள் விளக்கில்லாமல் நிற்கும். அன்றைக்குப் பிள்ளைக்குத் தோளைத் தட்ட நேரம் இருக்குமோ இருக்காதோ. மாத்திரை நின்றால் நான் சாகலாம், நிற்காவிட்டால் அவள். இதை இவ்வளவு நாள் இப்படி ரெண்டு பக்கமும் வைத்துப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறேனே டீச்சர், என்றாள். டீச்சர், டீச்சர், இருக்கீங்களா, என்றாள். மினுக்கம் அப்படியே இருந்தது.

கதவு திறந்து விளக்கு எரிந்தது. கண் கூசி, தெளிந்து, அடுத்த நாற்காலியைப் பார்த்தாள். மடிப்புக் கலைந்த கம்பளியும், அதன்மேல் சாய்ந்து நின்ற குளுக்கோஸ் தூக்குகிற கம்பியின் கொக்கியும்தான் இருந்தன. நஸ்ரின் அவளைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த அறையில் பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்தாள். பலகை மெதுவாக உள்ளே போனது, வெளியே வந்தது. மூச்சைப் பிடி, விடு என்று ஒன்றும் சொல்லவில்லை. வெறுமனே கிடந்தாள், இந்த முறை மனசும் சும்மா கிடந்தது. முடிந்ததும் நஸ்ரின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் திரையைப் பார்த்தபடி நின்றவள் வெளியே வந்தாள், முகத்தில் கொஞ்சம் சங்கடம். மத்ததெல்லாம் டாக்டர்தானுங்க பார்த்துச் சொல்லணும், நான் சொல்லக்கூடாது, ஆனா வலது கை தோள்வரைக்கும் எரியுது, நேத்து ஏதும் வேலை செஞ்சீங்களா என்றாள். மாவு கலக்கியதைச் சொன்னாள். அது பரவாயில்லை என்ற நஸ்ரின், தன் தொண்டையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்கயும் பளிச்சுனு எரியுதுங்கம்மா. நாக்கு, குரல்வளை எல்லாமே. உங்களுக்குக் கழுத்துலதான் முக்கியமாப் பார்க்கணும், அங்கயே எல்லாம் சேர்ந்து எரிஞ்சா எது எதுன்னு பிரிக்க முடியாது. ஒரு மணி நேரமும் பேசிட்டே இருந்திருக்கீங்க. காமிராவுல உதடு ஆடறதப் பார்த்துத்தான் மைக்குல சொன்னேன். யார்கிட்டங்க பேசினீங்க?"

துளசிமணி தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மனசுக்குள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். லாரியும், கம்பி வைக்கிற சோதனையும், தோளைத் தட்டுகிற பிள்ளையும், எல்லாவற்றையும் வாய்விட்டு அந்த அறைக்குள் சொல்லியிருக்கிறாள். எது தின்றிருக்கிறது என்று பார்க்க வந்த இடத்தில், சர்க்கரையில் பாதியை அவள் சொல்லாமல் வைத்திருந்தது தின்றிருக்கிறது.

"சொல்ல வேண்டியத ஆளில்லாத எடத்துல சொல்லிப்போட்டனுங்க," என்றாள். "பொழுது எறங்கினா எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க கண்ணு. தை மாசத்துலிருந்தே. டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன், நீ கொஞ்சம் கூட்டிட்டுப் போயி விடு. நடுவழியில எனக்கு மனசு மாறிப்போகும்."

மத்தியானத்துக்கு மேல்தான் பார்க்க முடிந்த டாக்டர் பூரணி திட்டவில்லை, திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இன்றைக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம், நாளைக்கு இருட்டறைச் சோதனை, அதைப் பார்த்துவிட்டு அளவைக் குறைப்பதா அடியோடு நிறுத்துவதா என்று சொல்கிறேன், கழுத்துப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம், அதற்குமுன் எதையும் சொல்லமாட்டேன் என்றார். நிறுத்தினா நான் செத்துப்போவனுங்களா என்று துளசிமணி கேட்டாள். தெரியாதுங்க என்றார் டாக்டர். அந்தத் தெரியாது என்கிற வார்த்தை, இத்தனை நாள் போசி சொன்ன எல்லாவற்றையும்விட, கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருப்பதுபோல இருந்தது. இருந்தாலும் பயம் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு உடம்பில் கதிர் இருக்கும், பொழுது சாய்கிறவரை பிள்ளையைப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம் என்று நஸ்ரின் சொல்லி அனுப்பினாள்.

மயில்சாமி வரவேற்பறை நாற்காலியில் மடியில் சோற்றுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, என்ன சொன்னாங்க என்றான். துளசிமணி அவனிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். இடுப்புப் பையிலிருந்து வண்டிச்சாவியை எடுத்து நடுவில் இருந்த நாற்காலியில் வைத்தாள். அவன் சாவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கண்ணைப் பற்றிச் சொன்னாள், லாரியைப் பற்றிச் சொன்னாள், பிள்ளை தோளைத் தட்டுவதைச் சொன்னாள், மாத்திரை நிற்கலாம் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் தலை குனிந்துகொண்டே போனது. கடைசியில் சாவியை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டான். ஏன் இத்தனை நாளாக எங்கிட்டச் சொல்லவில்லை என்று அவன் கேட்டிருக்கலாம், கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தவன்போல உட்கார்ந்திருந்தான். சன்னலுக்கு வெளியே வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. அறையின் ஓரங்களிலிருந்து வெள்ளை மெதுவாக நிறைந்துகொண்டு வந்தது. முதலில் தூணும், அப்புறம் மருந்துக்கடைப் பலகையும் போயின, நடுவில் மயில்சாமி மட்டும் இருந்தான்.

"ஏனுங்க," என்றாள். "இன்னிக்கும் ஒரு கை மாவு கலக்கி வெக்கிறேன். போசிய வெளியவே இருக்க உடுங்க."